ஆக்லாந்துக்கு வரமாட்டேன் என்றதன் காரணம்

இரும்புலியூர்,
ஞாயிறு காலை.

அன்பு மகள் தமிழினிக்கு அப்பா எழுதிக்கொள்வது. உன்னையும் மாப்பிள்ளையையும் பேரன் முகிலனையும் நம் குலசாமி ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்க வேண்டும். அம்மா சுகமாக இருக்கிறாள், நானும் முக்கால்வாசி சுகம், மீதிக் கால்வாசியைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லிவிடலாம் என்றுதான் பார்த்தேன். அம்மா ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாள், நீ வீடியோவில் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாய், இந்த விஷயத்தை முகத்துக்கு நேராகச் சொல்ல எனக்கு வரவில்லை. அதனால் பழைய டைரியில் எழுதாத பக்கங்களைக் கிழித்து எழுதுகிறேன். நாளைக்குத் தாம்பரம் போய் நானே ஸ்பீட் போஸ்ட்டில் சேர்த்துவிடுவேன்.

செவ்வாய்க்கிழமை நீ அனுப்பிய மெசேஜைப் படித்தேன். மூணு தடவை டிக்கெட் போடறேன்னு சொல்லிட்டேன், மூணு தடவையும் ஒரு சாக்கு சொல்றீங்க, ஆபேலை நீங்க இன்னும் ஏத்துக்கலைன்னா நேராவே சொல்லிடுங்கப்பா என்று எழுதியிருந்தாய். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. முட்டி வலி என்றது பொய். மாடிப் போர்ஷனுக்கு ஆள் பார்க்க வேண்டும் என்றதும் பொய், அங்கே போன மாதமே குடி வந்துவிட்டார்கள். உன் கல்யாணத்தில் நான் முறுக்கிக்கொண்டு நின்றது உண்மை, கிறிஸ்தவ வேதக்கார வீட்டில் பெண் கொடுப்பதா என்று ஆறு மாதம் உன்னோடு பேசாமல் இருந்ததும் உண்மை, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் எனக்கு ஆபரேஷன் ஆனபோது மாப்பிள்ளை அங்கிருந்து தினம் டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டதும், சம்பந்தியம்மா மெட்டில்டா பஸ் ஏறிக் கஞ்சி எடுத்துக்கொண்டு வந்து நின்றதும் எனக்குத் தெரியாதா? என் மனதில் அப்படி ஒன்றும் இல்லையம்மா. காரணம் வேறு.

ரோபோ வைத்து ஆபரேஷன், சின்னச் சின்ன ஓட்டைதான், புராஸ்டேட்டை அப்படியே எடுத்தாகிவிட்டது, கேன்சர் வெளியே பரவவில்லை, எல்லாம் நார்மல் என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா, அது அத்தனையும் சரி. சொல்லாமல் விட்டது ஒன்று. ஆபரேஷனில் வைத்த டியூபை எடுத்த நாளிலிருந்து சிறுநீர் என் பேச்சைக் கேட்பதில்லை. தும்மினால் வருகிறது, நாற்காலியிலிருந்து எழுந்தால் வருகிறது, தண்ணீர்க் கேனைத் தூக்கினால் கேட்கவே வேண்டாம். இப்படி ஆகும், பெரும்பாலானவர்களுக்கு மாதக்கணக்கில் மெல்ல மெல்லச் சரியாகும் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்தார். எனக்கு ஏனோ அது வேறு யாருக்கோ சொன்ன மாதிரி இருந்தது. முதல் இரண்டு மாதம் ஒரு நாளைக்கு ஐந்து ஆறு பேட் மாற்றினேன். நம் தெரு மெடிக்கலில் கேட்க வெட்கப்பட்டு, ரயிலேறிக் குரோம்பேட்டை போய் வாங்கி வந்தேன். அங்கே இருந்த பெண் வீட்ல பெரியவருக்கா சார் என்று கேட்டாள், ஆமாம்மா, அவருக்கு ரொம்ப முடியலை என்று சொல்லிவிட்டு வந்தேன். அம்மாவிடம் சொன்னேன், அவள் சிரித்த சிரிப்பில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், நான் இதற்குப்போய் குளியலறையில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். அதையும் உன்னிடம் சொல்லிவிடுகிறேன்.

இதில் நானாக ஒரு முட்டாள்தனம் வேறு செய்தேன். உள்ளே போனால்தானே வெளியே வரும் என்று தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டேன். காலையில் அரை டம்ளர், சாப்பாட்டோடு அரை டம்ளர், அவ்வளவுதான். என்ன ஆயிற்று, எரிச்சல் வந்தது, தலை சுற்றியது, கசிவு குறைவதற்குப் பதில் கூடியது. ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கும் வெண்ணிலா என்ற பெண், உன் வயசுதான் இருக்கும், என்னைப் பிடித்து நன்றாகத் திட்டினாள். சார், சிறுநீர் கெட்டியானா பை எரிஞ்சு இன்னும் அவசரப்படுத்தும், ஒழுங்கா குடிங்க என்றாள். அவள்தான் அடிவயிற்றுக்குக் கீழே இருக்கும் தசையை இறுக்கி, பத்து எண்ணி விடுகிற பயிற்சி சொல்லிக்கொடுத்தாள். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ரேஷன் வரிசையில் செய்கிறேன், ஜிஎஸ்டி ரோட்டு சிக்னலில் செய்கிறேன், உன் சித்தப்பா நிலத்தகராறு பேச வந்தால் அவர் பேசி முடிப்பதற்குள் மூன்று தடவை செய்துவிடுகிறேன்.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைக் கேள். படப்பையில் ஜெயக்கொடி அத்தையின் பேத்திக்கு மொட்டையடித்துக் காது குத்தினார்கள். குழந்தையின் அம்மா ஹேமாவதிக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை கிடையாது, அதனால் அவளுடைய தாய்மாமன் நான்தான் மடி கொடுக்க வேண்டும். வரமாட்டேன் என்று சொல்ல முடியாத இடம். மாமன் வெள்ளை வேட்டியில்தான் உட்கார வேண்டும் என்று அத்தை கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பேட் வைத்துக்கொண்டு போனேன். போகிற வழியில் ஒரே நெரிசல், கோயிலுக்குப் போனதுமே மாற்றிவிடலாம் என்றால், நேரம் ஆகிறது என்று இறங்கின கையோடு மணையில் உட்காரவைத்துவிட்டார்கள். ஆசாரி ஊசியை எடுத்ததும் அந்தக் குழந்தை வீல் என்று கத்தி, இரண்டு காலையும் சேர்த்து என் அடிவயிற்றில் ஓங்கி ஒரு உதை விட்டது. அவ்வளவுதான். வேட்டியில் ஒரு தாம்பாளம் அகலத்துக்கு ஈரம். நான் செத்தேன் என்று நினைத்தேன். ஆனால் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் சிரிக்கிறார்கள். பச்சையம்மா பெரியம்மா கை தட்டி, மாமன் மடியில புள்ள ஒண்ணுக்குப் போய்ட்ச்சி, நல்ல சகுனம்டா தசரதா என்றாள். நானும் ஈ என்று இளித்துக்கொண்டு குழந்தைதான் என்று விட்டுவிட்டேன். ஒன்றே கால் வயசுப் பிள்ளையின் மேல் பழியைப் போட்டுத் தப்பித்தவன் உன் அப்பா.

துணி மாற்ற அத்தைதான் குழந்தையை வாங்கினாள். அது டயப்பர் போட்டிருந்தது, சுத்தமாகக் காய்ந்திருந்தது. அவள் அதைத் தொட்டுப் பார்த்ததையும், உடனே முந்தானைக்குள் மறைத்துக்கொண்டதையும் நான் பார்த்தேன். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு மரியாதை செய்ய வாங்கி வைத்திருந்த புது வேட்டியை எடுத்துக்கொண்டு என்னைக் காருக்குக் கூட்டிப்போனாள். இன்னாண்ணா, எங்கையிலகூடவா மறைப்ப என்று கேட்டாள். சொன்னேன். அத்தை கார்க் கதவைச் சாத்தினாள். பிறகு, ஹேமா பொறந்ததுலேர்ந்து எனக்கும் இப்டித்தாண்ணா கீது, இருமுனாகூட நனைஞ்சிடும், அதான் நா எங்கியும் வர்றதில்ல என்றாள். முப்பது வருஷம், தமிழினி. வெளியூர்க் கல்யாணம் எதற்கும் வராமல், பஸ்ஸில் வாந்தி வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தாளே, நாம் எல்லாரும் கேலி செய்தோமே, அதற்கெல்லாம் இதுதான் காரணம். நா வூட்லயே கெடந்து கெடந்து வயசாயிட்ச்சி, நீ அப்டிக் கெடக்காத, போய்ப் பேரப்புள்ளையத் தூக்கிட்டு வா என்றாள். நான் அந்த இடத்திலேயே அழுதேன். அவளும் அழுதாள். மறுநாளே அவளை வெண்ணிலாவிடம் அழைத்துப்போனேன், இப்போது அவளும் பத்து எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

எனக்குப் பயமெல்லாம் அந்த விமானம்தானம்மா. சிங்கப்பூரில் இறங்கி மாறி, அத்தனை மணி நேரம், பக்கத்தில் முன்பின் தெரியாத ஆள். அதைவிடப் பெரிய பயம், உன் வீட்டு மெத்தையை நனைத்துவிட்டு மாப்பிள்ளை முன்னால் நிற்பது. மாமனார் என்ற வீராப்பு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது போல. அதற்காக உன்னை அப்படி நினைக்க வைத்துவிட்டேன், என்னை மன்னித்துவிடு. இப்போது ஒரு நாளைக்கு இரண்டு பேட்தான், சில நாள் ஒன்று. இன்னும் குறையலாம், குறையாமலும் போகலாம், எதுவானாலும் முகிலனின் முதல் பிறந்தநாளுக்கு அங்கே இருப்பேன். எங்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட் போடு. நடைபாதை ஓரமாக, கழிப்பறைக்குப் பக்கத்தில் எனக்கு இடம் கேள். மெத்தைக்குப் போட ரப்பர் விரிப்பு அம்மா வாங்கி வைத்துவிட்டாள், நீ அலைய வேண்டாம்.

குழந்தையைக் குளிரில் வெளியே கொண்டுபோகும்போது காதை மூடு. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று ஒண்ணுக்கு வருவதை அடக்கிக்கொண்டு உட்காராதே. மூன்று பேரும் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும் என்று அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். ஒன்றே ஒன்றை மட்டும் மறக்காமல் செய். மாப்பிள்ளைக்குத் தெரிய வேண்டாம் என்று எழுதத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். இப்போது சொல்கிறேன், நீ படித்ததும் இதை ஆபேலிடம் கொடுத்து முழுவதும் படிக்கச் சொல், ஒரு வரிகூட மறைக்காதே. விமான நிலையத்துக்கு அவரே வரட்டும், இறங்கியதும் கழிப்பறை எந்தப் பக்கம் என்று நான் அவரிடம்தான் கேட்கப்போகிறேன்.

உன் அப்பா,
தசரதன்