எலுபியம்மாவின் கட்டைவிரல்

டூவும்பா, ஆஸ்திரேலியா
4 மார்ச் 2009

அன்புள்ள ததாலா,

நலம்தானே? நான் கட்டிய வகுப்பறைச் சுவர் இன்னும் நிற்கிறதா? "மழை வந்தா இதுதான் முதல்ல ஓடும்" என்று உங்கள் கொத்தனார் சிரித்தது மறக்கவில்லை.

ஒரு நல்ல செய்தி. எங்கள் சபையில் ஒரு தம்பதி உன் பள்ளிச் சிறுமி சிசொமோவைத் தத்தெடுக்கிறார்கள். பெற்றோர் இருவரும் உயிருடன் இல்லை என்று படிவத்தில் நீ எழுதியிருந்தாய். அவளை வைத்திருக்கும் எலுபியும் கைநாட்டு வைத்திருக்கிறார். ஜூனில் வக்கீல் அங்கே வருகிறார். அவளுக்காக ஓர் அறைக்கு மஞ்சள் வண்ணம்கூட அடித்துவிட்டார்கள்! எலுபியிடம் நீயே சொல்லிவிடு.

உன்
பிரையனி

சிதெம்பே, மலாவி
26 மார்ச் 2009

பிரையனி,

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

சிசொமோவின் தகப்பனும் பெற்றவளும் இறந்தது உண்மை. எலுபியம்மா பெற்றவளின் அக்கா. எங்களிடம் தாயின் அக்காவும் தாய்தான். அடக்கம் முடிந்த அன்றே சிசொமோ தன் பாயைச் சுருட்டிக்கொண்டு எலுபியம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். உன் படிவத்தில் பெற்றவளுக்கு ஒரு கட்டம் இருந்தது, நிரப்பினேன். உங்களுக்கு முன்பு வந்த குழுவைப் போல நீங்களும் சீருடையும் நோட்டும் தருவீர்கள் என்றுதான் நாங்கள் நினைத்தோம்.

சோளம் இடித்துக்கொண்டிருந்த எலுபியம்மாவிடம் போய்ச் சொன்னேன். உலக்கை நின்றது.

"செத்தவ பிள்ளைன்னா எழுதின? அப்ப நான் யாருடி? இந்த உரலா?"

"தெரியாமப் பண்ணிட்டேம்மா."

"என் விரலைப் புடிச்சு அழுத்தினது நீதானே?"

வக்கீலை நிறுத்து, பிரையனி. அன்றிலிருந்து எலுபியம்மா சிசொமோவைப் பள்ளிக்கு அனுப்பவில்லை.

ததாலா

டூவும்பா
14 ஏப்ரல் 2009

அன்புள்ள ததாலா,

உன் கடிதத்தைப் படித்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது. ஆனால் தத்தெடுக்கக் காத்திருக்கும் பெண்ணிடம் எப்படிச் சொல்வேன்? சிசொமோவின் படத்தைத் தலையணை அருகில் வைத்திருக்கிறாள். அவள் தங்கைக்கு நான்கு பிள்ளைகள், இவளுக்கு ஒன்றுமில்லை. கைநாட்டு செல்லும் என்கிறார் வக்கீல். எலுபியிடம் ஒரே ஒரு முறை கேட்டுப் பார். இங்கே நல்ல பள்ளி இருக்கிறது.

பிரையனி

சிதெம்பே
8 மே 2009

பிரையனி,

கேட்டேன். உன் கடிதத்தை முழுவதுமாக வாசித்துக் காட்டினேன். எலுபியம்மா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் திகைத்துப்போய் என்னையே பார்த்தார்.

"தங்கச்சிக்கு நாலு பிள்ளைங்களா? அப்புறம் இவளுக்குப் பிள்ளை இல்லேன்னு யாரு சொன்னது? ஐயையோ, அந்த நாலுல ஒண்ணுகூட இவளை அம்மான்னு கூப்பிடாதா?"

இதை அந்தப் பெண்ணிடம் சொல்வதா வேண்டாமா என்று நீயே முடிவு செய்.

நேற்று ஊர்த்தலைவியோடு மாவட்ட அலுவலகம் போனோம். படிவம் நிரப்பியதில் தவறு என்னுடையது, அது செல்லாது என்று எழுதிக் கொடுத்தேன். அதிகாரி முத்திரை வைத்த நகலை இதனுடன் அனுப்பியிருக்கிறேன். சிசொமோ இன்று பள்ளிக்கு வந்தாள். இனி உங்கள் குழுக்களுக்கு நான் மொழிபெயர்க்க மாட்டேன். உன் சுவர் நிற்கிறது.

அலுவலகத்தில் கொடுத்த புதுப் படிவத்தில் தாய் என்ற இடத்தில் எலுபியம்மாவின் பெயரை எழுதிவிட்டு, பழக்கத்தில் அவர் விரலைப் பிடிக்கக் கை நீட்டினேன். அவர் என் கையை விலக்கிவிட்டு, தானே மையைத் தொட்டு அழுத்தினார்.

ததாலா