ஹாரனோடுதான் விற்பேன் என்றீர்கள்

அண்ணாச்சி,

முற்றத்திலிருந்து மண்ணெண்ணெய் வாசம் வருகிறது. என் மகன் தன் மோட்டார் சைக்கிளை விற்கப் போகிறான். துருப்பிடித்த நட்டுகளில் மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டு, அவை இளகுவதற்காக ஸ்பேனரும் கையுமாகக் காத்திருக்கிறான். அவனாக வாங்கி மாட்டிய முன்கம்பியையும் பின்பெட்டியையும் கழற்றிக்கொள்வதா, வண்டியோடு சேர்த்தே கொடுத்துவிடுவதா என்பதுதான் யோசனை. "அம்மா, என்ன செய்யட்டு?" என்று கேட்டான். "வாங்க வாற ஆளு முதல்ல எதைத் தொட்டுப் பாக்கியான்னு பாரு. பொறவு சொல்லியேன்" என்றேன். அவன் சிரித்தான். நீங்களாக இருந்தால் சிரித்திருக்க மாட்டீர்கள்.

உங்கள் வண்டி பட்டாளத்து வண்டி. சண்டை முடிந்து ஊருக்கு வந்தபோது ஏலத்தில் எடுத்தது. இரண்டு பக்கமும் தகரப் பெட்டிகள் அடித்து மாட்டினீர்கள். பழைய பஸ் ஒன்றின் ரப்பர் குமிழ் ஹாரனை எங்கிருந்தோ கொண்டுவந்து ஹாண்டில் பாரில் முறுக்கினீர்கள். தையல் மெஷின் ரிப்பேர் உங்கள் தொழில். வெள்ளறடையிலிருந்து காஞ்சிரங்குளம் வரைக்கும் எந்தக் கடையில் மெஷின் நின்றாலும் நீங்கள்தான் போக வேண்டும். வளைவில் அந்த ஹாரன் எருமைக்கடா மாதிரி கத்தினால், முகம் தெரியும் முன்பே ஊருக்கு ஆளைத் தெரிந்துவிடும்.

மலையாள ராஜ்யத்திலிருந்து தமிழ்த் தாலுகாக்களைப் பிரித்துச் சென்னையோடு சேர்க்க வேண்டும் என்று நம் பக்கம் கொதித்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. பாறசாலைச் சந்தையில் இரண்டு பேர் நின்று பேசினால் மூன்றாவது ஆள் யார் என்று திரும்பிப் பார்ப்போம். என் மூத்த அண்ணன் தங்கையன் ஒரு கூட்டத்தில் பேசியதற்காகப் போலீஸ் தேட, வெள்ளறடைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இன்னும் மூன்று பேரோடு ஒளிந்திருந்தான். உங்கள் தகரப் பெட்டியில் பெல்ட்டுக்கும் ஊசிக்கும் அடியில் நோட்டீஸும் அவித்த மரச்சீனிக் கிழங்கும் போகும். தோட்டத்து வளைவில் இரண்டு குட்டை, ஒரு நீளம் என்று ஹாரன் அடிப்பீர்கள். அதைக் கேட்டால் மட்டும் அவர்கள் வெளியே வருவார்கள். இது நம் இரண்டு வீட்டைத் தவிர யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

அந்த மாதம் உங்களை ஸ்டேஷனுக்கு இரண்டு முறை கூப்பிட்டார்கள். இரண்டு முறையும் சட்டை கசங்காமல் திரும்பி வந்தீர்கள். மற்றவர்களைத் தோளில் தாங்கித்தான் கூட்டி வந்தார்கள். அம்மா "கர்த்தர் காத்தாரு" என்றாள். என்னால் அப்படி நினைக்க முடியவில்லை. அடுத்த நாள் நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, பால் இருந்தும் இல்லை என்று சொல்லிக் கட்டன் காப்பி தந்தேன். "நல்லா உண்டு பிள்ளே" என்று குடித்துவிட்டுப் போனீர்கள்.

அதற்குப் பிறகுதான் வண்டியை விற்கிறீர்கள் என்று தெரிந்தது. நெய்யாற்றின்கரைப் பக்கத்திலிருந்து ஒருவன் வந்தான். தடி வியாபாரம், மரம் வாங்கி விற்கிறவன் என்றான். வேட்டியும் சட்டையும் உடுத்தியிருந்தான். கிராப்பு மட்டும் காதுக்கு மேல் ஒட்ட வெட்டியிருந்தது. நான் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த மண்சுவருக்கு, அந்தக் கய்யாலைக்கு இந்தப் பக்கம் துணி உலர்த்துவதுபோல நின்று பார்த்தேன். எஞ்சினை அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. டயரைத் தட்டவில்லை. முதலில் ஹாரனை அமுக்கினான். பிறகு மலையாளத்தில், வண்டி இப்போது இருக்கிறபடியே வேண்டும், ஒரு சாமானும் கழற்றக் கூடாது என்றான். நீங்களும் தலையாட்டினீர்கள்.

அவன் போனதும் ஓடி வந்தேன்.

"அண்ணாச்சி, அந்த ஆளைப் பாத்தா தடிக்காரன் மாதிரி இல்ல. ஹாரனைக் கழத்தி வச்சிட்டுக் குடுங்கோ."

"ஹாரனோடுதான் விப்பேன். கண்டு பேசின சாமானை பொறவு கழத்துகது கள்ளத்தனமாக்கும்."

"வேற ஒருத்தன் அந்த ஹாரனை அடிச்சா தங்கையன் அண்ணன் வெளிய வருமே?"

நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. செயினுக்கு எண்ணெய் விட்டபடியே, "உனக்கு இதெல்லாம் என்னத்துக்கு மக்கா? போயி வேலையைப் பாரு" என்றீர்கள்.

அன்றிலிருந்து எனக்கு உறக்கமில்லை. கசங்காத சட்டை, ஒட்ட வெட்டிய கிராப்பு, பார்க்க மறுத்த உங்கள் கண் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தின. அம்மாவிடமும் சொல்லவில்லை, அவள் உங்களிடமே வந்து கேட்டுவிடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை தலைவலி என்று படுத்துக்கொண்டேன். எல்லாரும் கோயிலுக்குப் போனபிறகு, என் தையல் மெஷினின் திருப்புளியும் சின்ன ஸ்பேனரும் எடுத்துக்கொண்டு, வண்டி நிறுத்துகிற உங்கள் சாய்ப்புக்குள் நுழைந்தேன். கோயிலில் இரண்டாவது பாட்டு முடிவதற்குள் ஹாரன் கையில் வந்துவிட்டது. முந்தானையில் சுற்றிக் கொண்டுபோய்க் குளத்தில் பாசி அடர்ந்த மூலையில் போட்டேன். குமிழுக்குள் இருந்த காற்று போகும்வரை அது மிதந்தது. 

திங்கட்கிழமை அவன் வந்தான். ஹாண்டில் பாரில் ஹாரன் இருந்த இடம் மட்டும் தூசி படாமல் பளபளத்தது. அவன் அதை விரலால் தடவினான்.

"ஹோர்ண் எவிடே?"

"நான்தான் கழத்தினேன். ஒருத்தன் கேட்டான், குடுத்தாச்சு."

எதற்காக அந்தப் பொய்யைச் சொல்கிறீர்கள் என்று அப்போது புரியவில்லை. "ஹோர்ண் இல்லெங்கில் எனிக்கு வண்டி வேண்டா" என்று அவன் நடந்தான். ஹாரன் இல்லாவிட்டால் மோட்டார் சைக்கிளே வேண்டாம் என்கிற ஆள் யாராக இருப்பான்? நான் நினைத்தது சரி என்று கய்யாலைக்குப் பின்னால் நின்று சந்தோஷப்பட்டேன். மறுநாள் காலை போலீஸ் வந்தது. வண்டியையும் கொண்டுபோனார்கள், உங்களையும் கொண்டுபோனார்கள்.

நீங்கள் திரும்பி வந்தபோது வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் விறகுக் கொம்புபோல வீங்கியிருந்தன. அவை பிறகு மடங்கவே இல்லை. கஞ்சி கொண்டுவந்தேன். அதைக் குடித்து முடித்துவிட்டுத்தான் நீங்கள் பேசினீர்கள்.

ஸ்டேஷனில் உங்களை அந்த இரண்டு முறையும் கூப்பிட்டது மெஷின் ரிப்பேருக்காகத்தான். போலீஸ் உடுப்புத் தைக்கிற மெஷின் நின்றுபோயிருந்தது. இரண்டாம் முறை வேலை நடக்கும்போது ஒரு போலீஸ்காரன் விளையாட்டாகக் கேட்பதுபோல அந்த ஹாரனை எத்தனை முறை அடிப்பீர்கள் என்று கேட்டான். அன்று மாலையே வழியை மாற்றி, தோட்டத்துக்கு ரப்பர்ப் பால் வெட்டப் போகும் ஒரு பெண்ணிடம் சொல்லியனுப்பினீர்கள். இனி ஹாரன் கேட்டால் வராதீர்கள், மலைப்பக்கம் ஏறிப் போங்கள் என்று.

"அவனுவ அந்த வண்டியை வாங்கி, ஒரு மாசம் காட்டுக்குள்ள பாம்பாம்னு அடிச்சிட்டுக் கெடக்கட்டும்னாக்கும் நெனச்சேன். எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அவனுவ நம்பியிருப்பானுவ."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி?"

"சொன்னா உன் மொகத்துல தெரியும், மக்கா. அவனுவ உன் வீட்டுக்கும் வருவானுவ."

ஹாரன் இல்லாமல் வண்டி நின்றதும், உங்களுக்கு எல்லாம் தெரியும் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அதுதான் உங்கள் விரல்.  நீங்கள் இடது கையால் கஞ்சிக் கிண்ணத்தை நகர்த்திவிட்டுச் சொன்னீர்கள். "மரை ஒண்ணும் கெடாம கழத்தியிருந்த. கை கொள்ளாம். அந்த ஆளைப் பாத்த உடனே கண்டுபிடிச்சியே, அதும் கொள்ளாம்."

அந்தப் பாராட்டை நான் வாங்கிக்கொண்டேன்.

பிறகு நாம் இருவரும் பஸ்ஸில் தனுவச்சபுரம், வெள்ளறடை என்று கடை கடையாகப் போனோம். எங்கே கோளாறு என்று நீங்கள் சொல்வீர்கள், சின்ன ஸ்குரூவை நான் முடுக்குவேன். மெஷின் ரிப்பேருக்கு ஒரு பெண் வருகிறாளா என்று பார்த்தவர்கள், மெஷின் ஓடியதும் அடுத்த மெஷினைக் காட்டினார்கள். மாநில எல்லைக் கோடு கிழித்தபோது விளவங்கோடு சென்னைப் பக்கம் போனது, நாம் மலையாளப் பக்கம் நின்றோம். தங்கையன் அண்ணன் களியக்காவிளைக்கு அப்பால் குடிபோய், பிள்ளைகளைப் பெற்று, நரைத்து வாழ்ந்தான். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் உங்களைப் பார்க்க வருவான். "இவளுக்க கண்ணு போலீஸ் கண்ணாக்கும்" என்று அவனிடமும் என்னைப் புகழ்வீர்கள். நான் காப்பி போடுவதற்காக எழுந்து உள்ளே போய்விடுவேன்.

ஆஸ்பத்திரியில் உங்கள் கடைசி வாரத்தில் உண்மையைச் சொல்ல இரண்டு முறை வாயெடுத்தேன். ஒரு முறை நர்ஸ் வந்தாள். இன்னொரு முறை யாரும் வரவில்லை. எனக்குத்தான் தைரியம் வரவில்லை.

இன்று வரைக்கும் யாரைப் பார்த்தாலும் முதலில் சந்தேகப்படுகிறேன், அண்ணாச்சி. பாதிக்கு மேல் சரியாகத்தான் இருக்கிறது. சரியாக இருக்கிற ஒவ்வொரு தடவையும் நீங்கள் மெச்சுவது காதில் கேட்கிறது, உடம்பு கூசுகிறது. கேளுங்கள். அந்தத் தடிக்காரனை நான் சந்தேகப்பட்டது உண்மை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் சாய்ப்புக்குள் நின்று திருப்புளியைத் திருகியபோது, என் அண்ணனைக் காட்டிக்கொடுக்கப் போகிறவர் நீங்கள் என்று நினைத்துத்தான் திருகினேன்.