சேகரண்ணை இன்னும் வரேல்லை

தை 17, சனி இரவு. ஹார்ஸ் மலைக்காடு, ஜேர்மனி.

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்: இன்று நான் பனிக்காட்டுக்குள் ஸ்கீ ஓடினது என் மனுசியின் கம்பளிக் காற்சட்டையோடு. ஊதா நிறம். கூட வந்த குகன் அதைப் படமெடுத்து எங்கள் ஊர் டோர்ட்மண்ட் முழுக்க அனுப்பிவிட்டான். வெள்ளிக்கிழமை கோயிலில் ஐயரும் சிரிப்பார்.

பகிடி அதோடு முடிந்தது. நாலு மணிக்கு நானும் குகனும் இந்த மரக்குடிலுக்கு வந்து சேர்ந்தோம். எங்களோடு வெளிக்கிட்ட சேகரண்ணையைக் காணவில்லை. போன் எடுத்தேன்.

"எங்கையண்ணை நிக்கிறியள்?"

"இந்தா, கிட்ட வந்திட்டன். தேத்தண்ணியைப் போடுங்கோடா."

குகன் விழுந்து விழுந்து சிரித்தான். முப்பது வருசமாக, எந்தக் கலியாணத்துக்குக் கூப்பிட்டாலும், வீட்டில் இன்னும் குளிக்காமல் இடுப்பில் துவாயோடு நின்றுகொண்டு அண்ணை சொல்லுகிற வசனம் அது. நாங்கள் தேத்தண்ணியைக் குடித்தோம். ஐந்து மணிக்கு இருட்டிவிட்டது. பிறகு எடுத்தால் அவருடைய போன் வேலை செய்யவில்லை.

நாங்கள் கூப்பிட்ட மீட்புக்காரர் லைட்டுகளோடு காட்டுக்குள் போய் மூன்று மணித்தியாலம். காற்றே இல்லை. ஆனாலும் பட்டுப்போன மரங்கள் எங்கேயோ முறிந்து விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அவருடைய மனுசி சாந்தியக்கா போன் எடுத்தா. "குளிக்கிறார் அக்கா" என்று சொல்லிப்போட்டேன். குகன் என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

உண்மையில் அண்ணை பிந்தினவரில்லை. என் கையுறை ஒன்று வழியில் விழுந்துவிட்டது என்று நான் புலம்பியதால், அதைத் தேடித் திரும்பிப் போனவர்.

இப்போதுதான் ஜாக்கெட்டைக் கழற்றினேன். கையுறை அதன் உள்பையில் கிடக்கிறது.