உளவாளிக்கு அங்கே கூட்டம்

பாரீசில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

கடிதம் கிடைத்தது. அந்த உளவாளிப் படத்தின் ஐந்தாம் பாகத்துக்கும் அங்கே டிக்கெட் கிடைக்கவில்லையாம். காரைக்காலில் மூன்றே நாளில் தூக்கிவிட்டார்கள் என்று கேட்டுச் சிரித்தீர்களாம். இந்த ஊருக்கு ரசனை இல்லையாம்.

தூக்குவதற்கு முன்பே நானும் உங்கள் அக்கா ரோசலியும் மத்தியான ஆட்டத்துக்குப் போயிருந்தோம். மொத்தம் பதினோரு பேர். அவன் நாட்டுக்கு நாடு பெயரை மாற்றிக்கொள்கிறான். ஊருக்கு ஒருத்தி. பாதிப் படத்தில் அக்கா சத்தமாகவே கேட்டார்: "ஏம்மா, இவனுக்குன்னு வீட்டுல ஒருத்தி காத்துக்கிட்டு இருப்பாளே, அவள எப்பதான் காட்டுவாங்க?"

முன்வரிசைப் பெண் திரும்பி, "நானும் அதத்தாங்க பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றாள்.

எங்கள் ரசனை இதுதான். அவளைக் காட்டாத படம் இங்கே ஓடாது.

கடிதத்தோடு வைத்த பிரெஞ்சுத் தாளை, விசாவுக்கு என்று சொல்லிக் கையெழுத்துக் கேட்டிருக்கிறீர்கள். விசாவுக்கு வேண்டும் என்று நீங்கள் சொல்லித்தானே, கோட்டுச்சேரியிலிருந்து தினமும் காரைக்காலுக்குப் பஸ் ஏறிப் போய் ஒரு வருஷம் பிரெஞ்சு படித்தேன்? அதை மறந்துவிட்டீர்களே! தாளை இரண்டு முறை படித்தேன். விசா என்ற சொல்லே அதில் இல்லை. என் சம்மதம் மட்டும் நான்கு இடத்தில் இருக்கிறது. எதற்குச் சம்மதம் என்று நான் எழுத மாட்டேன். அக்காவிடம் மட்டும் தமிழில் சொல்லிவிட்டேன்.

கையெழுத்தில்லாமல் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். தைரியம் இருந்தால் இங்கே வந்து, அக்கா முன்னால் தமிழிலேயே கேளுங்கள்.

இப்படிக்கு,
இன்றைக்கும் சட்டப்படி உங்கள் மனைவி