ஏகாம்பரத்தைக் கீழே இறக்கியது

கார்த்திகை 22, செவ்வாய். தீபம்.

விடியற்காலையிலிருந்து தூறல். மலை மேல் டெலிபோன் டவர் ஸ்டேஷனில் வேலை பார்த்த ஏகாம்பரம் செத்துப்போனார். நெஞ்சுவலி. கூட இருக்கும் சேகர் போன் செய்து சொன்னான். தினமும் காலை ஏழு மணிக்கு டீசல் எவ்வளவு மிச்சம் என்று சொல்ல அவர்தான் கூப்பிடுவார். "கீழ இருக்கறவரே, எழுந்தாச்சா?" என்பார். இன்று வேறு குரல்.

நேற்று கடைசியாகக் கேட்டது: டீசல் நாலு கேன். சின்ன வெங்காயம் ஒரு கிலோ. ஊறுகாய் வேண்டாம், பிரஷர்.

டெலிபோன் ஆபீசுக்குப் பேசினேன். "தீபம் முடியட்டும், நாளைக்கு ஆள் அனுப்பறோம்" என்றார்கள். ஆம்புலன்ஸ் அடிவாரம் வரைதான். மேலே ரோடு இல்லை. டீசல், அரிசி எல்லாம் என் கடையிலிருந்து என் கழுதைகள் மூன்றும் ஏற்றினால்தான் உண்டு.

கீழ்பென்னாத்தூரிலிருந்து அவர் சம்சாரம் சரோஜாவும் மச்சான் தனபாலும் கடைக்கு வந்துவிட்டார்கள். அந்த அம்மாள் அழவில்லை. போன் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். ஞாயிறுதோறும் அங்கே உட்கார்ந்துதான் புருஷனோடு பேசுவாள்.

நெய், திரி, அகல் எல்லாம் கடையில் குவிந்து கிடக்கிறது. வருஷத்துக்கு ஒருநாள் வியாபாரம். வீட்டுக்காரியைக் கல்லாவில் உட்காரவைத்துவிட்டுக் கிளம்புகிறேன். தனபாலும் வருகிறான்.

கார்த்திகை 23, புதன்.

வெயில். கால் இரண்டும் வீக்கம். மதியம் ஏகாம்பரத்தை எடுத்துவிட்டார்கள். நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

அடிவார ஊரில் திடமான ஆம்பிளை ஒருவன் இல்லை. அத்தனை பேரும் தீபம் பார்க்கத் திருவண்ணாமலைக்கு. தூக்க ஆறு பேராவது வேண்டும். நாங்கள் மூன்றே பேர்: நான், தனபால், கழுதைக்காரர் முனுசாமி. சேகர் மெஷினை விட்டு நகர முடியாது. வெளியூர்ப் பேச்சு முழுக்க அந்த டவர் வழியாகத்தான். தீபத்தன்று கேட்கவே வேண்டாம்.

மேலே போனபோது அவரைக் கட்டிலில் போர்த்திப் படுக்கவைத்திருந்தான் சேகர். ஸ்வெட்டரில் பொத்தான் மாற்றிப் போட்டிருந்தது. சரிசெய்தேன். நேரில் பார்த்தது குறைவு. இத்தனை சின்ன உருவம் என்று மறந்தே போயிருந்தேன். குரல் அப்படி.

முனுசாமி தயங்கித் தயங்கி, "முதலாளி, பெரிய பெட்டைக் கழுதை இருக்குது. அலுங்காம எடுத்தாரும்" என்றார்.

தனபால் எகிறினான். "கழுதை மேலயா? எங்க மாமாவ கரும்புள்ளி செம்புள்ளி குத்தி ஊர்வலம் உடறீங்களா?"

"நாளைக்கு வரைக்கும் தாங்குமாய்யா? நீயே சொல்லு" என்றேன்.

"நாறினாலும் பரவால்ல. கழுதை மேல வேணாம்."

லைன் எல்லாம் நிரம்பிக் கிடந்தது. சேகர் எப்படியோ ஒன்றைப் பிடுங்கிக் கடைக்குப் போட்டுக் கொடுத்தான். பின்னால் வியாபார இரைச்சல். "அரை கிலோ நெய்யா?" என்று வீட்டுக்காரி யாரையோ கேட்பது காதில் விழுந்தது. சரோஜாவிடம் சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"அண்ணா, அது சாதுவா?"

"சாதும்மா. முட்டை ஏத்தினாலும் உடையாது."

"அப்ப ஏத்துங்க. ராத்திரிக்குள்ள வீட்டுக்கு வந்தா போதும் எனக்கு. தனபால் கிட்ட குடுங்க."

அவன் கேட்டான். "ம்" என்று ஒரே ஒரு தடவை. ரிசீவரை வைத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

இரண்டு பக்கமும் வெறும் சாக்குகளை மெத்தையாக மடித்துப் போட்டோம். டீசல் கேன் கட்டும் கயிறு. முனுசாமி வளைவுக்கு வளைவு அதன் காதில் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். தனபால் முன்னால் நடந்தான், திரும்பவே இல்லை. வழுக்குப் பாறையில் மட்டும் தானாக வந்து தோள் கொடுத்தான்.

பாதி வழியில் இருட்டிவிட்டது. தூரத்தில் அண்ணாமலை உச்சியில் பொட்டு மாதிரி தீபம். முனுசாமி "அரோகரா" என்றார். நானும் கை கூப்பினேன். என்ன கேட்பதென்று தெரியவில்லை. கழுதையும் நின்றது. களைப்பாக இருக்கும்.

நெய் பாதி தேங்கிவிட்டது. போனால் போகட்டும் என்று எழுத மனம் வரவில்லை. அதுவும் உறுத்துகிறது.

கார்த்திகை 26, சனி.

மேகமூட்டம். பல்லி விழுந்த எண்ணெய் டின்னைக் கொட்டினேன். காலையில் சேகர் போன்.

"சார், கோச்சிக்காதீங்க. புதுசா வந்தவரு அந்தக் கழுதை மேல வர்ற அரிசிய தொட மாட்டேங்கறாரு."

"டீசல் மட்டும் அதுல அனுப்பட்டா?"

"அதுவும் வேணாம்ங்கறாரு சார்."

முனுசாமியிடம் சொன்னேன். "அவரக் கொண்டாந்தது நானும்தான். அப்ப எனக்கும் சோறு கெடையாதா?" என்றார்.

சும்மா கட்டிப்போட்டுத் தீனி போட முடியாது. செங்கல் சூளைக்காரர் எண்ணூறுக்குக் கேட்டார். ஆயிரம் என்றேன். வாய்ப் பழக்கம். சூளையில் எத்தனை நாள் தாங்கும் என்பது எனக்குத் தெரியும்.

கார்த்திகை 28, திங்கள்.

நல்ல மழை. தனபால் நனைந்துகொண்டே வந்தான். பஸ் ஸ்டாண்டில் இவன் தலையைக் கண்டதும் ஒருத்தன், "கழுதை வாகனத்துல கைலாசம் போனவரோட மச்சான் வர்றாரு, வழி உடுங்கடா" என்றானாம். எல்லோரும் சிரித்தார்களாம்.

"அது இந்த ஜில்லாவுலயே இருக்கக் கூடாதுங்க. சித்தூர் பக்கம் தள்ளிடுங்க. ஆயிரம் ரூபா நானே தர்றேன்."

கண் சிவந்திருந்தது. டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்கவில்லை. காரியம் முடியட்டும், பார்க்கலாம் என்றேன்.

வீட்டுக்காரியிடம் சொன்னால், "நீங்க அன்னிக்கி வேற வழி பாத்திருக்கலாம்" என்கிறாள். என்ன வழி? அதைச் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

மார்கழி 12, ஞாயிறு.

பனி. காரியம் முடிந்து சரோஜா தனியாக வந்தாள். ஸ்டூல் பக்கம் போகவில்லை. நின்றபடியே பேசினாள்.

"தனபால் வந்தானாமே. அத எனக்குக் குடுங்க அண்ணா."

"கழுதைய வெச்சி என்னம்மா பண்ணுவ?"

"மல்லாட்டைக் கொல்லைக்கு எரு சுமக்கும். வெறகு கொண்டாரும். வாசல்லயே கட்டுவேன். ஒளிச்சி வெச்சாதான் பேச்சு ஜாஸ்தி ஆவும். தெனம் கண்ணுல பட்டா எத்தினி நாளைக்கி சிரிப்பாங்க?"

"தனபால் ஒத்துக்குவானா?"

"அவன்தான் அதுக்குத் தண்ணி காட்டணும்."

இத்தனை வருஷம் வியாபாரம் செய்து எனக்கு இது தோன்றவில்லை.

சும்மா ஓட்டிக்கொண்டு போகச் சொன்னேன். முறைத்தாள். "அவர எறக்கினதுக்கும் நீங்க கூலி வாங்கல. இதுக்கும் வாங்கலன்னா இந்தக் கடப் படிய நான் எப்பிடி மிதிப்பேன்?" அதற்குப் பிறகுதான் அழுதாள். வீட்டுக்காரி உள்ளே கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தாள். திரும்பி வந்ததும் பேரம். ஒரு மூட்டை வேர்க்கடலை என்றேன். இரண்டு என்றாள். ஒன்றரை என்று பார்த்தேன், இறங்கவில்லை.

சூளைக்காரருக்கு இல்லை என்று சொல்லியனுப்பினேன்.

முடிவு: தோல் உரிக்காத மல்லாட்டை இரண்டு மூட்டை. ஒன்று இந்த வாரம், ஒன்று பொங்கல் கழித்து. வேன் கூலி அவளுடையது. கயிறு கழுதையோடு.