மலை இல்லாத மலையடி

என் ஆசை அண்ணைக்கு,

பஸ் கொண்டக்டர் இன்னமும் "மலையடி, மலையடி" என்றுதான் கத்துகிறான். இறங்குகிற சனம் மலையைத் தேடுகிறது. அங்கே தவளை கத்துகிற குழிதான் இருக்கிறது.

முன்னம் மட்டும் மலையா இருந்தது? சாவகச்சேரிப் பட்டணத்தின் விளிம்பில் நீட்டிப் படுத்துக் கிடந்த மணல்மேடு. பனை உயரம்கூட இல்லை. கண்டி மலையைப் பார்த்துவிட்டு வந்தும், "எங்கடை மலைதான் வடிவு, மூச்சிரைக்காமல் ஏறலாம்" என்றவர் நீங்கள். தொய்வு வருத்தக்காரர் வேறு என்ன சொல்வார்?

அதைக் கிண்டினால் கடல் விட்டுப்போன சிப்பியும், யாரோ உடைத்த பழம்பானை ஓடும் வரும். நரி அதில் வளை வைத்திருந்தது. வெள்ளத்துக்கு மாடுகளை ஏற்றினார்கள். கொழும்புக் கலவரத்தில் அடிபட்டுக் கப்பலில் வந்த சனமும் அதில்தான் கொட்டில் போட்டது. மாரி மழையை எல்லாம் குடித்து, கோடையில் எங்கள் கிணறுகளுக்கு நல்ல தண்ணீராகக் கொடுத்தது.

நீங்கள் கண்ணை மூடிய பிறகுதான் கொந்திராத்துக் கனகர் வந்தார். கட்டட வேலை எடுத்துச் செய்கிற பெரிய மனிதர், நெற்றி நிறையத் திருநீறு. "குண்டுக்கு ஒளிக்கிற பங்கருக்கு மண் வேணும், சனத்தின்ரை உயிரெல்லோ" என்றார். உயிர் என்றதும் ஊர் வாயை மூடிக்கொண்டது. பங்கர் ஒன்று வந்தது, அவர் வளவுக்குள். மிச்ச மலை அவருக்கு மேல்மாடியானது. புதுவீட்டுக் குடிபூரலுக்கு எங்கள் சொந்தங்கள் வரிசையில் நின்று வடை தின்றன.

மலை போக, முதலில் உவர்த்தது அவர் கிணறுதான். வலிகாமத்துச் சனம் இடம்பெயர்ந்து வந்து எங்கள் கிணற்றடியில் வரிசையில் நிற்க, போன கிழமை அவரும் குடத்தோடு வந்தார்.

"தங்கச்சி, ஒரு குடம் நல்ல தண்ணி."

"உங்கடை தண்ணி உங்கடை சுவருக்குள்ளை கிடக்கு. பிழிஞ்சு குடியுங்கோ."

வரிசையில் நின்ற சண்டிலிப்பாய்க்காரி ஒருத்தி சிரித்துவிட்டாள். வீட்டை விட்டு வந்த பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

தண்ணீர் கொடுத்தேன், அண்ணை. மறுக்க நீங்கள் பழக்கவில்லையே. வரிசைக் கடைசியில் நிற்கவைத்துத்தான் கொடுத்தேன்.

எங்கள் கிணறு உவர்க்காததற்குக் காரணம், அதன் பின்னால் மிஞ்சியிருக்கிற துண்டு மேடு. நீங்கள் இருந்து மூச்சு ஆறின இடம். அதற்கும் ட்ரக்டர் விடப்போகிறாராம். "அகதிச் சனத்தின்ரை கொட்டிலுக்கு மண் போடவேணும்" என்கிறார். சனத்தின் பெயரை விட்டால் இந்த மனிதருக்கு வேறு மண்வெட்டியே இல்லையா?

பாதைக்குக் குறுக்கே என் கட்டிலைப் போட்டுவிட்டேன். என்னைத் தூக்கி ட்ரக்டர்ப் பெட்டியில் ஏற்றாமல் அவர் அந்த மண்ணை ஏற்றமாட்டார். ஏற இனி நாலு எட்டுத்தான் மிச்சம். ஆனாலும் அது மலைதான்.

உங்கள் மலைக்குக் காவல் கிடக்கும்
தங்கச்சி பூமணி