சிரிக்கும் மீனும் நூற்றிருபது பூச்சிகளும்

மார்ச் 3, திங்கள்

காலை எட்டு மணிக்குள் நூற்றிருபது தண்ணீர்ப்பூச்சிக் குட்டிகள் வேண்டியிருந்தன. தாய்ப்பூச்சிகள் நேற்று முழுக்க ஒன்றுகூடப் பெறாமல் அழிச்சாட்டியம் செய்துவிட்டு, இன்று நான் டீ குடிக்கப் போன பத்து நிமிடத்தில் பெற்றுத் தள்ளியிருந்தன. பிறந்து ஒரு நாள்கூட ஆகாத, கடுகில் பாதிகூட இல்லாத உருப்படிகளை ஒவ்வொன்றாகக் குழாயில் உறிஞ்சி எண்ணினேன். எண்பத்தேழில் தும்மல் வந்தது. மறுபடியும் ஒன்றிலிருந்து.

ஆபீசில் அப்படி என்னதான் செய்கிறாய் என்று மாமியார் இன்றும் கேட்டார். பதினோரு வருடமாகச் சொல்கிறேன். கம்பெனிக்காரர்கள் ஏதாவது ஒரு திரவத்தைக் கொண்டுவந்து கொடுப்பார்கள், அதைத் தண்ணீரில் கலந்து தண்ணீர்ப்பூச்சிகளை விடுவோம், இரண்டு நாள் கழித்து எத்தனை நீந்துகின்றன என்று பார்ப்போம், ஆற்றில் போனால் என்ன ஆகும் என்று அதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம் என்றேன். "பூச்சியைக் கொல்றதுக்குச் சம்பளமா? அப்ப நம்ம வீட்டுக் கரப்பானை யாரு கொல்றது?" என்றார்.

இன்றைய மாதிரி எண் 214. கம்பெனிப் பெயர் எங்களுக்குத் தெரியாது, எண் மட்டும்தான். ஆரஞ்சுத் தோலிலிருந்து எடுத்த எண்ணெய், பட்டறைகளில் கிரீஸ் கறை எடுப்பதற்காம். பெயர் லிமோனீன். பழத்தில் பிறந்தாலும் சாதியில் அதுவும் பெட்ரோலுக்குச் சொந்தக்காரன்தான், சுத்தமான ஹைட்ரோகார்பன். ஆனால் என்ன மணம்! ஐந்து அளவில் கலந்து, அளவுக்கு இருபது பூச்சி விட்டு, வெறும் தண்ணீரில் இருபது விட்டு, கண்ணாடித் தட்டுகளால் மூடி வைத்தேன்.

மார்ச் 4, செவ்வாய்

காலையில் என் கொழுந்தன் போன் செய்தான். "அண்ணி, இருநூத்திப் பதினாலு எப்படி இருக்கு?"

ஆஸ்பத்திரியில் படுக்கை எண்ணைச் சொல்லி விசாரிக்கிற மாதிரி கேட்டான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆறு மாதமாக வீட்டில் யாருக்கும் சொல்லாமல் அவன் செய்துகொண்டிருந்த தொழில் இந்த ஆரஞ்சு எண்ணெய்தானாம். மாதிரியை எந்த ஆய்வகத்துக்கு அனுப்புவது என்று யோசித்தபோது என் முகம்தான் ஞாபகத்துக்கு வந்ததாம். நல்ல நேரத்தில் வந்த ஞாபகம்.

உடனே போய்ப் பெரியவரிடம் சொல்லிவிட்டேன். பெரியவர் என்றால் எங்கள் தலைமை ஆய்வாளர். வயது முப்பத்தெட்டுதான், முகத்தில் இருக்கும் கவலைக்குத்தான் அந்தப் பெயர். எண்ணும்போது பக்கத்தில் இன்னொரு ஆள் நின்று எண்ண வேண்டும் என்றார். வழக்கமாக அந்த ஆள் 'மூக்கு'. எதில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று மோப்பம் பிடித்துச் சொல்லும் இயந்திரத்தை ஓட்டுபவன். அவன் ஜலதோஷத்தில் மூன்று நாள் லீவு. அதனால் சாமான் அறையைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர் அக்கா.

அறைக்குள் வருபவர்கள் எல்லாம் ஒரு மூச்சு இழுத்துவிட்டுத்தான் போகிறார்கள். பெரியவரே கதவருகில் நின்று கண்ணை மூடி இரண்டு தடவை இழுத்தார். இத்தனை வருடத்தில் அவர் சிரித்து இன்றுதான் பார்த்தேன்.

மார்ச் 5, புதன்

எல்லாம் நீந்துகின்றன!

ஒரு பூச்சி செயலிழந்துவிட்டது என்று எழுத ஒரு விதி உண்டு: பாத்திரத்தை மெல்ல ஆட்டிவிட்டு, பதினைந்து விநாடி அது நீந்தவே இல்லை என்றால்தான் எழுதலாம். ஆட்டினேன், எண்ணினேன். ஸ்டோர் அக்கா பக்கத்தில் வாய்விட்டு எண்ணினாள். அதிக அளவு கலந்த பாத்திரத்திலும் இருபதுக்கு இருபது குதியாட்டம் போட்டன. இது மருந்தா சத்து டானிக்கா என்று அக்கா கேட்டாள்.

மூக்கு வந்து தண்ணீரை அளந்த பிறகுதான் முடிவு சொல்ல வேண்டும். எனக்குத் தெரியும். ஆனாலும் மத்தியானம் கொழுந்தனுக்குப் போன் செய்துவிட்டேன். எல்லாம் உயிரோடு இருக்கிறது என்று சொன்னதும் அந்தப் பக்கம் மூக்குறிஞ்சும் சத்தம். அழுகிறான். இதற்கு முன் மூன்று தொழில் ஆரம்பித்து மூன்றும் கவிழ்ந்தவன் அவன்.

வீட்டில் கணவர் சோபாவில் படுத்திருந்தார். குப்பை வண்டி வந்துவிட்டது என்றேன். தோளை மெல்ல ஆட்டினேன். பதினைந்து விநாடி. அசையவில்லை. எழுதிக்கொண்டேன்.

மார்ச் 7, வெள்ளி

நான் ஒரு முட்டாள். பதினோரு வருட அனுபவமுள்ள முட்டாள்.

மூக்கு ஜலதோஷம் தெளிந்து வந்தான். பரிசோதனை முடிந்த அன்று நான் எடுத்து வைத்திருந்த தண்ணீரை இயந்திரத்தில் விட்டான். அரை மணி நேரம் கழித்து எழுந்து வந்து, இதில் வெறும் தண்ணீர்தான் இருக்கிறது என்றான். பாட்டிலை மாற்றிக் கொடுத்துவிட்டேனோ என்று நினைத்தேன். இல்லை. ஐந்து அளவிலும் வெறும் தண்ணீர். அப்படியென்றால் கலந்த எண்ணெய் எங்கே போனது என்று அவனையே கேட்டேன்.

அவன் மூக்கை உயர்த்தினான், சுற்றிப் பார்த்தான்.

"அக்கா, இந்த ரூம்ல என்ன இப்படி மணக்குது?"

ஐயோ.

மணந்தது அதுதானே! எண்ணெய் தண்ணீரில் நிற்க மாட்டேன் என்று தட்டின் இடுக்கு வழியாகக் கிளம்பிக் காற்றில் போயிருக்கிறது. இரண்டு நாளாக அதைத்தான் நாங்கள் எல்லோரும் ஆகா ஓகோ என்று மூச்சில் இழுத்துக்கொண்டிருந்தோம். பூச்சிகள் நல்ல தண்ணீரில் ஜாலியாக நீந்தியிருக்கின்றன. நூற்றிருபது பூச்சி இருந்த அறையில் உண்மையான பரிசோதனை நடந்தது ஸ்டோர் அக்காவுக்கும் பெரியவருக்கும் எனக்கும்தான். இப்படிப் பறக்கிற சரக்கை மூடி போட்ட பாட்டிலில், ஒரு குமிழிகூட இல்லாமல் வாய் வரைக்கும் நிரப்பி வைக்க வேண்டும். விதி தெரியாதா? புதிதாக வருகிறவர்களுக்கு அந்த வகுப்பு எடுப்பதே நான்.

பெரியவர் முகம் பழையபடி ஆகிவிட்டது. திங்கட்கிழமை மறுபடி செய்யச் சொன்னார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் கூடத்தில் கொழுந்தன் உட்கார்ந்திருக்கிறான், பக்கத்தில் மூன்று பெட்டி. அச்சடித்த லேபிள். நாலாயிரம். ஒவ்வொன்றிலும் ஒரு மீன் பல் தெரியச் சிரிக்கிறது. கீழே, 'மீன்களின் நண்பன்'. மாமியார் ஒன்றை எடுத்து பிரிட்ஜில் ஒட்டிவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை? பயம்தான்.

மார்ச் 8, சனி

சொல்லிவிட்டேன்.

முதலில் சிரித்தான், விளையாடுகிறேன் என்று. பிறகு வாதாடினான். பழத்திலிருந்து வருவது எப்படிக் கெடுக்கும் என்றான். பாம்பு விஷமும் பாம்பிலிருந்துதான் வருகிறது, அதுவும் இயற்கைதான் என்றேன். பிறகு அவன் கேட்டது நியாயமான கேள்வி, அதை மறைக்கக் கூடாது. "அதான் காத்துல போயிடுதுல்ல அண்ணி? ஆத்துலயும் அப்படியே போயிடும்ல? அப்புறம் என்ன?"

காற்றில் போனதை வெயில் சில மணி நேரத்தில் சிதைத்துவிடும், அதுவரை சரி. ஆனால் பட்டறைக்காரன் ஊற்றுவது ஆற்றில் இல்லை, மூடின சாக்கடையில். அங்கிருந்து பறக்க வழி ஏது? கிரீஸோடும் சேற்றோடும் ஒட்டிக்கொண்டு, மொத்தமாக மீன் இருக்கிற இடத்தில்தான் போய் இறங்கும். "அது பறந்து முடியற வரைக்கும் மீன் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்குமா?" என்று கேட்டேன்.

அவன் லேபிள் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் போன் செய்து சொன்னதை நம்பித்தான் அச்சடித்தான். தப்பு என்னுடையது. அதையும் சொன்னேன். அது அவனுக்கு ஆறுதலாக இல்லை.

மார்ச் 10, திங்கள்

பாட்டில் வாய் வரைக்கும் நிரப்பினேன். ஒரு குமிழி இருந்தாலும் கொட்டிவிட்டு மறுபடி. எண்ணுவது என் கையில் இருக்க வேண்டாம் என்று, மூக்கும் ஸ்டோர் அக்காவும்தான் எண்ணப்போகிறார்கள். அறையில் மணமே இல்லை. எண்ணெய் இந்தத் தடவை தண்ணீரிலேயே இருக்கிறது.

மார்ச் 12, புதன்

அரை மில்லிகிராமிலேயே பாதிக்கு மேல் விழுந்துவிட்டன. ஒரு லிட்டர் தண்ணீருக்கு அரை மில்லிகிராம். நான்காவது, ஐந்தாவது அளவில் ஒன்றுகூட அசையவில்லை. வெறும் தண்ணீரில் இருபதும் நன்றாக இருக்கின்றன, அதனால் பரிசோதனையில் குறை சொல்ல வழியில்லை. ஐந்தாவது பாட்டிலை மூக்கு மூன்றாவது முறையாக ஆட்டினான், எனக்காகத்தான். போதும் விடு என்றேன்.

'நீர்வாழ் உயிர்களுக்கு மிகுந்த நச்சு.' எழுதினேன். பெரியவர் கையெழுத்துப் போட்டார்.

மார்ச் 16, ஞாயிறு

வாரா வாரம் தவறாமல் வரும் ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொழுந்தன் வரவில்லை. மாமியார் அவனுக்கும் தட்டு வைத்தார், பிறகு எடுத்தார். கணவர் எல்லோருக்கும் பொதுவாகக் கூரையைப் பார்த்து, எல்லாம் சரியாகிவிடும் என்றார்.

பாத்திரம் கழுவும்போது மாமியார் பக்கத்தில் வந்து நின்றார். என் பிள்ளை பிழைப்பைக் கெடுத்துவிட்டாயே என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். "கொல்லும்னா கொல்லும்னுதானே எழுதணும்?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். துண்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். பிரிட்ஜில் இருந்த மீனை இன்னும் கிழிக்கவில்லை, அது பாட்டுக்குச் சிரிக்கிறது.

மார்ச் 23, ஞாயிறு

வரவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

இன்றும் இல்லை. நான் போன் செய்தேன், எடுக்கவில்லை. ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது. கல்யாணமாகி வந்த புதிதில் இந்த வீட்டில் என்னிடம் முதலில் பேசியவன் அவன்தான். எண்ணிக்கையைக் கொஞ்சம் நெளித்து எழுதியிருந்தால்? இல்லை, எழுதியிருக்க மாட்டேன். வேலை வேறு, உறவு வேறு. இரண்டும் ஒரே வயிற்றில்தான் வலிக்கிறது.

ஏப்ரல் 9, புதன்

கணவர் வண்டி செயினைச் சுத்தம் செய்யப் பட்டறைக்குப் போயிருந்தார். திரும்பி வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இருந்தார். விஷயத்தை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

மெக்கானிக் ஒரு டின்னை எடுத்தானாம். கும்மென்று ஆரஞ்சு மணம். செயினைத் தேய்த்துவிட்டு, அழுக்கு எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல் மூடி போட்ட டிரம்மில் ஊற்றினானாம். இவர் சும்மா இருக்காமல், இதற்கு எதற்கு டிரம் என்று கேட்டிருக்கிறார். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு பாடமே எடுத்துவிட்டானாம். வாரா வாரம் டின்காரரே வந்து டிரம்மை எடுத்துப் போகிறாராம். டின்னைத் திருப்பிக் காட்டினானாம். சிரிக்கிற மீன் இல்லை. செத்த மீன், பெரிசாக, தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி.

"இதைச் செய்யறவரோட சொந்த அண்ணியே டெஸ்ட் பண்ணி, மீன் சாகும்னு எழுதிக் கொடுத்துட்டாங்களாம் சார். அவரே கடை கடையாச் சொல்லிக்கிட்டுத் திரியறார், எங்க அண்ணி எனக்காகக்கூடப் பொய் சொல்ல மாட்டாங்கன்னு. அதான் நம்பி வாங்கறோம்."

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

அந்த அண்ணி ரொம்பக் கண்டிப்போ என்று கேட்டாராம். கண்டிப்பென்றால் அப்படி ஒரு கண்டிப்பாம், அந்த வீட்டுக்காரர் பாவம் என்றானாம் மெக்கானிக்.

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பிறகு அது சிரிப்பால் வருவதாகவும் தெரியவில்லை. உள்ளே போய்ப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தான். ஞாயிற்றுக்கிழமை தட்டு வைக்கட்டுமா என்று கேட்டேன்.

"ரெண்டு தட்டா வைங்க அண்ணி," என்றான். "டிரம் தூக்க ஒரு ஆள் போட்டிருக்கேன், அவரும் வருவாரு."